காலடெட் 2013: காது கேளாதோர் கல்லூரி அணியின் சீசனை எப்படிப் பார்ப்பது?

பொட்டோமக்_கரை எழுதியது:

நம் பலகையில் அமெரிக்கன் ஃபுட்பால் என்றாலே சூப்பர் பௌல், பேட்ரியாட்ஸ், மஹோம்ஸ் என்றுதான் பேச்சு ஓடுகிறது. ஒரு மாறுதலுக்கு, ஆயிரத்துச் சொச்சம் இளங்கலை மாணவர்கள் மட்டுமே இருந்த ஒரு சின்னக் கல்லூரியின் சீசனைப் பற்றிப் பேசலாமா? வாஷிங்டனின் வடகிழக்கில், ஃபுளோரிடா அவென்யூவை ஒட்டி இருக்கும் காலடெட் பல்கலைக்கழகம். காது கேளாதோருக்காக 1864இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற கல்லூரி. அணியின் பெயர் பைசன்.

2013இல் வழக்கமான சீசனை 9-1 என்று முடித்தார்கள். தங்கள் மாநாட்டின் பட்டத்தை வென்றார்கள். 1883இலிருந்து ஃபுட்பால் ஆடிவரும் கல்லூரி அது. அதன் வரலாற்றில் முதல்முறையாக என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) பிளே ஆஃப்புக்குள் அந்த வருடம்தான் போனார்கள். முதல் சுற்றில் ஹோபார்ட்டிடம் 34-7 என்று தோற்றார்கள். அவ்வளவுதான் கதை.

இந்த சீசனைப் பற்றி எங்கே படித்தாலும் ‘மௌனத்தின் வெற்றி’ ரகத் தலைப்புதான். ஆட்டம் எப்படி இருந்தது என்று ஒரு பத்தி கூட இருக்காது. எனக்கு அதில்தான் கடுப்பு. பத்தில் ஒன்பது ஜெயித்த அணியை ஃபுட்பால் அணியாகவே பார்க்கலாமே?

---

கவர்டிரைவ் எழுதியது:

கிரிக்கெட் ஆள் நான், அடிப்படையே தெரியாது. இரண்டு கேள்வி. ஒன்று, மாநாடு, பிளே ஆஃப் எல்லாம் சின்னக் கல்லூரிக்கு எப்படி வேலை செய்கிறது? இரண்டு, காது கேட்காமல் இந்த ஆட்டத்தை எப்படி ஆடுகிறார்கள்? டிவியில் பார்த்தால் குவார்ட்டர்பேக் கத்திக்கொண்டே இருக்கிறாரே.

---

நாலாவது_டவுன் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்று அடுக்கு. டிவியில் லட்சம் பேர் அரங்கில் உட்கார்ந்து பார்க்கும் அலபாமா, ஒஹாயோ ஸ்டேட் எல்லாம் முதல் டிவிஷன். காலடெட் மூன்றாவது டிவிஷன். இங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை ஒரு டாலர் கூடக் கொடுக்கக் கூடாது. பையன் படிக்க வந்திருக்கிறான், கூடவே ஆடுகிறான். அரங்கில் வகுப்புத் தோழர்களும் அப்பா அம்மாவும்தான் அதிகம்.

இந்த டிவிஷனில் ஃபுட்பால் ஆடும் கல்லூரிகள் மட்டும் இருநூறுக்கு மேல். ஆளுக்குப் பத்து ஆட்டம். பக்கத்து ஊர்க் கல்லூரிகள் சேர்ந்து அமைத்துக்கொள்வதுதான் மாநாடு. சாம்பியனுக்கு நேரடியாக பிளே ஆஃப் இடம். 2013இல் மொத்தம் 32 அணிகள், ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

காலடெட் இருந்தது ஈஸ்டர்ன் கலீஜியேட் ஃபுட்பால் மாநாட்டில். ‘பக்கத்து ஊர்’ என்றேனே, அது பெயருக்குத்தான். ஹஸ்ஸன் கல்லூரி மெயின் மாநிலத்தில், பேங்கரில் இருக்கிறது. வாஷிங்டனிலிருந்து பஸ்ஸில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நார்விச், காசில்டன் இரண்டும் வெர்மான்ட்டில். மேரிடைம் கல்லூரி நியூயார்க் பிராங்ஸில், த்ராக்ஸ் நெக் பாலத்தின் அடியில். மாசசூசெட்ஸில் இருந்த மவுண்ட் ஐடா 2018இலும் பெக்கர் 2021இலும் கல்லூரியையே மூடிவிட்டன. மூன்றாம் டிவிஷனில் தோல்வியை விடப் பெரிய பயம் அதுதான்.

---

விரல்நுனி எழுதியது:

இரண்டாவது கேள்வி என் தொழில். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், சைகை மொழி தினமும் புழங்குகிறது. ஆட்டம் எனக்கு என் கணவர் வழியாக வந்த வியாதி.

முதலில் ஒரு விஷயம். காலடெட் அணியில் எல்லோரும் ஒரே அளவில் கேளாதவர்கள் இல்லை. கொஞ்சம் கேட்பவர்கள், கருவி போட்டுக் கேட்பவர்கள், குடும்பமே சைகை மொழியில் பேசும் வீட்டிலிருந்து வருபவர்கள், கல்லூரிக்கு வந்த பிறகுதான் சைகை மொழி கற்றவர்கள் என்று பல ரகம். அணிக்குள் பொது மொழி அமெரிக்க சைகை மொழி.

ஆட்டத்தைத் தொடங்குவது பந்தின் அசைவு. முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் தள்ளும் கணம்தான் ஸ்னாப். கேட்கும் அணிகளில் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் எண்ணிக்கையைக் கத்துவார், எந்த எண்ணில் பந்து நகரும் என்று அவருடைய லைன்மேன்களுக்கு (முன்வரிசை ஆட்களுக்கு) மட்டும் தெரியும். அந்த அரை நொடி அவர்களுக்கு லாபம். கேளாதவர்கள் ஓரக்கண்ணால் பந்தைப் பார்த்து நகர வேண்டும். எதிரணியும் அதே பந்தைத்தான் பார்க்கிறது. அந்த அரை நொடி லாபம் போச்சு.

ஆனால் தடுப்பாட்டத்தில் கணக்கு திரும்புகிறது. எதிரணி குவார்ட்டர்பேக் குரலை ஏற்றி இறக்கி, தடுப்பாளர்களை அவசரப்பட்டுப் பாயவைத்து ஐந்து யார்டு பெனால்டி வாங்கப் பார்ப்பார். காலடெட் பையன்களிடம் இந்த வித்தை எடுபடாது. அவர்களுக்குப் பந்து நகர்ந்தால்தான் ஆட்டம்.

விசில்தான் பெரிய தொந்தரவு. நடுவர் ஊதிவிட்டார் என்று தெரியாமல் ஒருவர் மோதிவிட்டால் தாமத மோதல் என்று பதினைந்து யார்டு. சுற்றி இருப்பவர்கள் தளர்வதைக் கண்ணால் பார்த்து நிறுத்தப் பழக வேண்டும். முழு வேகத்தில் ஓடும்போது இது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

---

கவர்டிரைவ் எழுதியது:

அருமையான விளக்கம் மேடம். ஒரு பெரிய டிரம் வைத்து அடிப்பார்கள், அதன் அதிர்வை வைத்து ஆடுவார்கள் என்று எங்கோ படித்தேனே?

---

பொட்டோமக்_கரை எழுதியது:

வந்துவிட்டது டிரம்! எந்த நிருபர் போனாலும் முதல் பத்தியில் அந்த டிரம்தான். மைதான ஓரத்தில் பெரிய பேஸ் டிரம் வைத்து அடித்தது உண்மை. அதிர்வு நெஞ்சில் படும், அதை வைத்து ஸ்னாப் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்வார்கள். காலடெட்டின் பழைய பாரம்பரியம் அது. அதற்காக ஒரு அணி பத்தில் ஒன்பது ஜெயித்ததற்குக் காரணம் டிரம் என்று எழுதினால் எப்படி? எதிரணிக்கும் அந்த டிரம் கேட்கும், ஐயா. இரண்டாவது கால் பகுதிக்குள் அவர்களும் எண்ணிக் கற்றுக்கொள்வார்கள்.

ஜெயிக்க வைத்தது ஆட்கள். குவார்ட்டர்பேக் டாட் பான்ஹேயோ. தடுப்பில் ஓர முனையில் ஆடிய அதம் தலாத், அந்த வருடம் மாநாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர். என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் கதவைக் கூடத் தட்டிப் பார்த்தவர்.

---

சென்டர்_ஸ்னாப் எழுதியது:

ஹடில் பற்றி யாரும் பேசவில்லையே. உலகம் முழுக்க எல்லா அணியும் வட்டமாகக் கூடி நின்று திட்டம் பேசுகிறதே, அதைக் கண்டுபிடித்ததே காலடெட்தான். 1894இல் பால் ஹப்பர்ட் என்ற குவார்ட்டர்பேக். எதிரே நின்றதும் காது கேளாதோர் அணி. கைகளை வைத்துத் திட்டம் சொன்னால் அவர்களும் படித்துவிடுவார்கள். அதனால் ஆட்களை வட்டமாக நிற்கவைத்து நடுவில் சைகை காட்டினார். இன்று கபடி அணி கூட வட்டம் கட்டி நிற்கிறது!

---

நாலாவது_டவுன் எழுதியது:

இதில் கொஞ்சம் நிதானம் தேவை. ஹடில் எங்கள் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள அமெரிக்காவில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஏமஸ் அலொன்சோ ஸ்டாக் 1896இல் பயன்படுத்தினார் என்பார்கள். இலினாய் பயிற்சியாளர் பாப் ஸப்கி 1920களின் தொடக்கத்தில் என்பார்கள். லஃபாயெட் கல்லூரியின் ஹெர்ப் மெக்ராக்கன் பெயரும் வரும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கூடுவது நாடு முழுக்க வழக்கமானது 1920களில்தான்.

---

சென்டர்_ஸ்னாப் எழுதியது:

தேதியைப் பாருங்கள் அண்ணா. நீங்கள் சொன்ன எல்லோரும் ஹப்பர்டுக்குப் பிறகுதான். தவிர, அவருக்கு மட்டும்தான் ஒரு தேவை இருந்தது. மற்றவர்கள் மெதுவாகப் பேசினாலே போதும். காலடெட்டின் கைகளை மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்தும் பார்க்கலாம். ஹப்பர்ட் பிறகு கேன்சஸ் காது கேளாதோர் பள்ளிக்குப் போய் அங்கேயும் ஃபுட்பால் கொண்டுவந்தார்.

---

நாலாவது_டவுன் எழுதியது:

தேவை இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூன்றாம் டிவிஷனின் இறுதி ஆட்டத்துக்குப் பெயரே ஸ்டாக் பௌல். அந்தப் போட்டியாளர் ஸ்டாக்கின் பெயர்தான். 2013 பிளே ஆஃப்பில் காலடெட் ஐந்து ஆட்டம் ஜெயித்திருந்தால், வர்ஜீனியாவில் சேலம் ஊருக்குப் போய் ஸ்டாக் கோப்பையைத் தூக்கியிருப்பார்கள். கடைசியில் அதை வாங்கியது விஸ்கான்சின் வைட்வாட்டர். மவுண்ட் யூனியனை 52-14 என்று துவைத்து எடுத்தார்கள்.

---

ஞாயிறு_காலை எழுதியது:

அதெல்லாம் சரி, ஹோபார்ட்டிடம் 34-7 என்று தோற்றதை எப்படிப் பார்க்கிறீர்கள்? பலவீனமான மாநாட்டில் 9-1 எடுப்பதும் நல்ல அணியாக இருப்பதும் ஒன்றா? ஃபுட்பால் அணியாகப் பாருங்கள் என்று இழையைத் தொடங்கியவர் சொன்னார். சரி, பார்ப்போம். ஃபுட்பால் அணியாகப் பார்த்தால் முதல் சுற்றில் நான்கு டச்டவுன் வித்தியாசத்தில் வெளியேறிய அணி.

---

பொட்டோமக்_கரை எழுதியது:

நீங்கள் சொன்ன தொனிதான் எனக்கு வேண்டும். இப்படித்தான் பேச வேண்டும்.

மாநாடு பலமானது இல்லை, உண்மை. ஹோபார்ட் வேறு ரகம். நியூயார்க்கில், செனிகா ஏரிக்கரையில் ஜெனீவா ஊர்க் கல்லூரி. லிபர்ட்டி லீக்கில் வருடா வருடம் மேலே நிற்பவர்கள். நவம்பர் கடைசியில் அங்கே போய் ஆடுவதே சோதனை. ஆனால் இடைவெளி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இந்த மட்டத்தில் ஆட்டத்தைத் தீர்மானிப்பது முன்வரிசையின் எடையும், பதிலுக்கு இறங்க உட்கார்ந்திருக்கும் ஆட்களும்தான். பெரிய கல்லூரி நூறு பேரை அழைத்துவரும். ஆயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் பெண்களைக் கழித்து, மற்ற விளையாட்டுக்காரர்களைக் கழித்து, எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? மூன்றாவது கால் பகுதியில் ஒரே லைன்மேன் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார், எதிரே புது ஆள் வந்து இறங்குகிறார். சின்னக் கல்லூரி எதுவானாலும் இதே கதிதான். இதில் காது எங்கே வந்தது?

---

ஞாயிறு_காலை எழுதியது:

இந்தப் பதிலை ஏற்கிறேன். ஆனால் காது வராத ஆட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாதே. ஹோபார்ட் மாதிரி வேகமான அணி எதிரே தடுப்பை மாற்றி மாற்றி நிறுத்தும்போது, கடைசி நொடியில் திட்டத்தை மாற்ற வேண்டும். கேட்கும் அணியில் குவார்ட்டர்பேக் ஒரு சொல் கத்தினால் முடிந்தது. இங்கே?

---

விரல்நுனி எழுதியது:

இங்கே எல்லோரும் திரும்பி அவரைப் பார்க்க வேண்டும். முன்வரிசை ஆள் ஏற்கெனவே கையை ஊன்றிக் குனிந்து எதிராளியை முறைத்துக்கொண்டிருக்கிறார். அவர் தலையைத் திருப்பி, சைகையைப் படித்து, பக்கத்தில் இருப்பவரைத் தட்டி, மறுபடி குனிய வேண்டும். பொழுது போய்விடும். இந்த இடத்தில் உங்கள் கேள்வி நியாயம்தான்.

இன்னொன்று யாரும் கவனிப்பதில்லை. சைகை மொழி என்பது கை மட்டும் இல்லை. புருவம் உயர்ந்தால் கேள்வி, தலை அசைந்தால் மறுப்பு. இலக்கணத்தில் பாதி முகத்தில் இருக்கிறது. ஹெல்மெட்டும் முகக்கம்பியும் அதை மறைத்துவிடுகின்றன. விரல்களில் டேப் சுற்றியிருக்கும், கையுறை வேறு. அதனால் மைதானத்துச் சைகைகள் பெரிதாக, சுருக்கமாக இருக்க வேண்டியிருக்கிறது. என் வகுப்பில் நாங்கள் பேசுவதும் அதுவும் ஒன்றில்லை.

லாபமும் உண்டு. மைதானத்தின் அந்தப் பக்க ஓரத்தில் நிற்கும் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்), தன்னை மார்க் செய்பவர் எப்படி நிற்கிறார் என்று ஐம்பது யார்டு தாண்டி இருக்கும் பயிற்சியாளரிடம் நேராகச் சொல்லலாம். முழு வாக்கியத்தில். கூட்டத்தின் கூச்சல் ஒரு பொருட்டே இல்லை. கேட்கும் அணிகள் இதற்காகவே படம் போட்ட அட்டைகளையும் ரகசியக் கை அசைவுகளையும் வைத்துத் திண்டாடுகின்றன, பார்த்திருப்பீர்கள்.

---

கவர்டிரைவ் எழுதியது:

ரிசீவர் முழு வாக்கியத்தில் பேசுவது பிரமாதம். பயிற்சியாளரும் கேளாதவரா?

---

சென்டர்_ஸ்னாப் எழுதியது:

இல்லை, சக் கோல்ட்ஸ்டீன் கேட்பவர். 2010இல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். காலடெட்டுக்கு வந்தபோது அவருக்குச் சைகை மொழி தெரியாது, அங்கேதான் கற்றுக்கொண்டார். அணியும் அப்போதுதான் எழுந்து நின்றிருந்தது. 1990களின் நடுவில் ஆள் கிடைக்காமல் என்சிஏஏ ஆட்டத்தை விட்டுவிட்டுக் கிளப் அணியாக இறங்கிப் போனார்கள். 2005இல் எட் ஹாட்டில் பயிற்சியில் கிளப் அளவில் 9-0. பிறகு 2007இல் மறுபடி மூன்றாம் டிவிஷன். அதிலிருந்து ஆறு வருடத்தில் மாநாட்டுப் பட்டம். என்னைக் கேட்டால் ஹோபார்ட் ஸ்கோரை விட இந்த ஏற்றம்தான் பேச வேண்டியது.

---

மழைத்தடை எழுதியது:

கேட்பவர் ஒருவர் காலடெட்டில் தலைமைப் பொறுப்பில் இருப்பது சாதாரண விஷயம் இல்லை, கவனியுங்கள். 1988 மார்ச்சில் அந்தக் கல்லூரி மாணவர்கள் வளாகத்தையே பூட்டிப் போராடினார்கள். தலைவர் பதவிக்குக் காது கேட்கும் ஒருவரை நியமித்ததுதான் காரணம். ஒரே வாரத்தில் அவர் விலகி, ஐ. கிங் ஜோர்டன் முதல் காது கேளாத தலைவர் ஆனார். கல்லூரி தொடங்கி 124 வருடம் கழித்து! அப்படிப்பட்ட இடத்தில் கோல்ட்ஸ்டீன் நிலைத்தார் என்றால், மொழியைக் கற்றதுதான் காரணமாக இருக்கும். மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பையன்களை அதட்டிப் பாருங்கள், ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

---

ஞாயிறு_காலை எழுதியது:

இழையின் முதல் பதிவுக்கே திரும்புகிறேன். உருக்கமான கதையாக எழுதுகிறார்கள் என்று குறைபட்டீர்கள். அந்த உருக்கம் இல்லாவிட்டால் ஒரு மூன்றாம் டிவிஷன் அணியைப் பற்றி நம் காதுக்குச் செய்தி எட்டியிருக்குமா? அதே 2013 சீசனில் 9-1 எடுத்த வேறு ஒரு சின்னக் கல்லூரியின் பெயரைச் சொல்லுங்கள் பார்க்கலாம், தேடாமல்.

---

பொட்டோமக்_கரை எழுதியது:

சொல்ல முடியாது, மடக்கிவிட்டீர்கள். ஆனால் வாசலுக்கு அழைத்து வந்தவர் வீட்டுக்குள்ளும் விட வேண்டாமா?

அதே சீசனில்தான் சியாட்டில் சீஹாக்ஸில் டெரிக் கோல்மன் ஆடினார். என்எஃப்எல்லில் தாக்குதல் பக்கம் ஆடிய முதல் காது கேளாதவர். 2014 ஜனவரியில் அவரை வைத்து ஒரு பேட்டரி கம்பெனி விளம்பரம் எடுத்தது, ஊரே அழுதது. அடுத்த மாதம் அவர் சூப்பர் பௌல் ஜெயித்தார். அவர் ஃபுல்பேக், ஓட்டக்காரருக்கு முன்னால் போய் மோதி வழி உண்டாக்குவது வேலை. அந்த வேலையை எப்படிச் செய்தார் என்று எழுதியவர்கள் எத்தனை பேர்? விளம்பரத்தைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்?

---

நாலாவது_டவுன் எழுதியது:

விளம்பரம் என்றதும் 2023 ஞாபகம் வருகிறது. ஏடி அண்ட் டி கம்பெனியும் காலடெட்டும் சேர்ந்து ஒரு ஹெல்மெட் செய்தார்கள். பயிற்சியாளர் டேப்லட்டில் திட்டத்தைத் தொட்டால், குவார்ட்டர்பேக்கின் கண்முன் இருக்கும் சின்ன லென்ஸில் எழுத்தாக வந்து நிற்கும். அக்டோபர் 7, ஹில்பர்ட் கல்லூரிக்கு எதிராக ஒரே ஒரு ஆட்டத்துக்கு என்சிஏஏ அனுமதி. காலடெட் 34-20 என்று ஜெயித்தது. அந்த சீசனின் முதல் வெற்றி.

---

மழைத்தடை எழுதியது:

ஒரு ஆட்டம், நிறைய கேமரா. வேறென்ன.

---

விரல்நுனி எழுதியது:

முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். என்எஃப்எல்லில் 1994இலிருந்து குவார்ட்டர்பேக் ஹெல்மெட்டில் ஸ்பீக்கர் இருக்கிறது. கல்லூரி ஃபுட்பாலின் மேல்தட்டிலும் 2024 முதல் அனுமதித்துவிட்டார்கள். கேட்பவர்களுக்கு ஸ்பீக்கர் கொடுக்கலாம் என்றால் கேளாதவர்களுக்கு லென்ஸ் கொடுப்பதில் என்ன சலுகை? சைகையைப் படிக்க ஒவ்வொரு முறையும் ஓரத்தைத் திரும்பிப் பார்க்கும் நேரம் மிச்சமாகும். ஞாயிறு_காலை கேட்டாரே, கடைசி நொடி மாற்றம், அதற்கு ஒரு பாதி விடை அதில் இருக்கிறது. பாதிதான். குவார்ட்டர்பேக்குக்குத் தெரிந்தது முன்வரிசைக்குத் தெரிய இன்னமும் கைதான் வேண்டும்.

---

ஞாயிறு_காலை எழுதியது:

பதினோரு ஹெல்மெட்டிலும் லென்ஸ் வைத்தால்?

---

சென்டர்_ஸ்னாப் எழுதியது:

வைத்தால் ஹடிலே வேண்டாம். ஹப்பர்டின் கல்லூரியே ஹடிலை ஒழித்துக்கட்டியது என்று அப்போது ஒரு தலைப்பு வரும்.

---

நாலாவது_டவுன் எழுதியது:

காசு யார் கொடுப்பது? இது மூன்றாம் டிவிஷன் தம்பி, பஸ்ஸுக்கு டீசல் போடவே கணக்குப் பார்க்கிற இடம்.

---

கவர்டிரைவ் எழுதியது:

படிக்கப் படிக்க ஆர்வமாகிவிட்டது. 2013க்குப் பிறகு பிளே ஆஃப் போனார்களா? புதிதாகப் பையன்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

---

பொட்டோமக்_கரை எழுதியது:

2022இல் மறுபடி மாநாட்டுப் பட்டம், மறுபடி பிளே ஆஃப், மறுபடி முதல் சுற்றிலேயே வெளியே. பென்சில்வேனியாவின் டெலவேர் வேலி வீட்டுக்கு அனுப்பியது.

பையன்கள் பெரும்பாலும் காது கேளாதோர் பள்ளிகளிலிருந்து. மேரிலாந்து பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ரிவர்சைட் பள்ளி எட்டுப் பேர் ஆட்டத்தில் 2021இல் இறுதி வரை வந்து தோற்று, 2022இல் தங்கள் வட்டாரப் பட்டத்தை அடித்தது. அங்கே எட்டுப் பேர் ஆட்டம் ஆடிய பையன் கல்லூரிக்கு வந்து பதினோரு பேர் ஆட்டத்தைப் பழக வேண்டும். முன்வரிசையே வேறு மாதிரி இருக்கும், ஓடும் இடைவெளி சுருங்கிவிடும். ஒரு வருடம் அதற்கே சரியாகப் போகும். அடுத்த சீசன் அட்டவணை வந்ததும் இங்கேயே போடுகிறேன், ஆட்டம் நடக்கும்போது சேர்ந்து பேசலாம்.